பழைய அம்பாசிடரின் உள்ளே: எதைத் தைப்பது, எதை மாற்றுவது?

எங்கள் வீட்டில் நிற்பது 1976-ஆம் வருஷத்து அம்பாசிடர், மார்க் 3. அப்பா வாங்கியது. கல்யாணம், காதுகுத்து, ஆரியங்காவு, அச்சன்கோவில், கொல்லத்துக்கு ஆஸ்பத்திரி ஓட்டம் என்று செங்கோட்டைக்கு இரண்டு பக்கமும் அது போகாத ரோடு கிடையாது. எஞ்சின் இன்றைக்கும் ஒரே ஸ்டார்ட்டில் எடுக்கிறது. உள்ளே உட்கார்ந்தால்தான் வயசு தெரியும். முன்சீட்டு டிரைவர் பக்கம் குழி விழுந்துவிட்டது, ரூஃப் லைனிங் தூளி மாதிரித் தொங்கியது, கதவின் உள்பக்கத்தை மூடுகிற டோர் பேட் அடியில் உப்பிப் பிதுங்கியிருந்தது, சாரல் மாதத்தில் கதவைத் திறந்தாலே ஈரச்சாக்கு வாடை. சரி, இந்த முறை உள்பக்கத்தை முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று இறங்கியபோது கிடைத்த யோசனைகள் இரண்டே வகை. "எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுப் புதுசா அடிச்சிடுங்க அண்ணாச்சி" என்று தென்காசிப் பக்கத்து நண்பர்கள் சொன்னார்கள். "ஒரு ஆணியைக்கூட மாத்தாதீங்க மாப்ள, ஒரிஜினல் போச்சுன்னா வண்டிக்கு மதிப்பு போச்சு" என்று புனலூரில் இருக்கும் மாமா சொன்னார்.

ஒரு வருஷம் வேலை செய்து பார்த்தபிறகு நான் சொல்வது இதுதான். மொத்த உள்பக்கத்துக்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். இது இனி கடையில் கிடைக்குமா? இது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளுமா? கிடைக்காத பொருள் என்றால் எவ்வளவு மெனக்கெட்டாலும் சரிசெய்துகொள்ள வேண்டும். தண்ணீரைக் குடிக்கிற பொருள் என்றால் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். சீட்டு மாதிரிச் சில பாகங்களில் இரண்டு கேள்வியும் ஒரே பொருளுக்குள் வந்து நிற்கும், அங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீரைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு நம் ஊர்தான் காரணம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூனில் ஆரம்பிக்கிற ஈரக்காற்று ஆகஸ்ட் வரைக்கும் நிற்காது. குற்றாலத்தில் அருவி விழுந்தால் எங்கள் ஷெட்டில் காருக்குள் பூஞ்சை. மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூர் என்றால் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் வெளுத்து வாங்கும். அப்புறம் சித்திரை, வைகாசியில் அதே வண்டியைத் தென்காசி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தினால் உள்ளே கை வைக்க முடியாது. அதாவது நாம் போடுகிற துணி, பசை, ஃபோம் எல்லாம் ஒரே வருஷத்தில் ஊறவும் வேண்டும், வேகவும் வேண்டும். வறண்ட ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சொல்கிற யோசனை பாதி இங்கே எடுபடாது.

அதனால் முதல் வேலை சீட்டும் இல்லை, லைனிங்கும் இல்லை, ரப்பர். முன்கண்ணாடி ரப்பர், பின்கண்ணாடி ரப்பர், முன்கதவு முக்கோணக் கண்ணாடியைச் சுற்றி இருக்கிற ரப்பர், கதவு பீடிங். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பிடித்து கீழிருந்து மேலே மெதுவாக நனைத்துக்கொண்டே வந்தால் எங்கே இறங்குகிறது என்று பத்து நிமிஷத்தில் தெரியும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது. ரப்பரில் சரிசெய்வதா மாற்றுவதா என்ற பேச்சே வேண்டாம், மாற்றுங்கள். வெடித்த ரப்பர்மேல் சிலிகான் அப்பினால் அதற்கு அடியில் தண்ணீர் தங்கித் தகரத்தைத் தின்னும். மாமா ரப்பர்த் தோட்டக்காரர், "நம்ம ஊரு ரப்பரைவிடவா?" என்று கேட்டார். இழுப்புக்கும் அதிர்வு தாங்கவும் இயற்கை ரப்பருக்கு ஈடு கிடையாது, எஞ்சின் மவுண்டிங்குக்கு அதுதான் வேண்டும். ஆனால் வெயிலிலும் காற்றில் இருக்கிற ஓசோனிலும் அது சீக்கிரம் கீறல் விடும். கதவுக்கும் கண்ணாடிக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் கேட்டு வாங்குங்கள், மீட்டர் கணக்கில் கிடைக்கும், பழைய துண்டு ஒன்றை வெட்டிக் கையோடு கொண்டுபோனால் அதே வடிவம் தேடிக் கொடுப்பார்கள்.

இப்போது சீட்டு. அதிகப் பணம் போகிற இடமும், அதிகத் தப்பு நடக்கிற இடமும் இதுதான்.

பழைய அம்பாசிடர் முன்சீட்டு ஒரே பெஞ்சு. மேலே தெரிகிற ரெக்சினைப் பிரித்தால் கீழே மெத்தை, அதற்குக் கீழே சாக்கு, அதற்குக் கீழே சுருள் ஸ்பிரிங், எல்லாவற்றையும் தாங்குகிற இரும்புச் சட்டம். இதில் சட்டமும் ஸ்பிரிங்கும் இனி யாரும் செய்து தரமாட்டார்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்தியது 2014-ல். மார்க் 3 அதற்கும் எவ்வளவோ முன்னால் முடிந்த கதை. ஆகவே துரு எவ்வளவு பிடித்திருந்தாலும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடித்துத் திரும்பப் போடுங்கள். ஒன்றிரண்டு ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் கழித்துப் போட்ட வேறொரு சீட்டிலிருந்து எடுத்துக் கட்டலாம். உட்காரும் இடத்திலிருந்து ஒன்றை ஓரத்துக்கு மாற்றிவிட்டு ஓரத்து நல்ல ஸ்பிரிங்கை நடுவில் போடுவதும் வழக்கம்.

மெத்தை விஷயத்தில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு குஷன் கடையில் பின்சீட்டைக் கொடுத்தேன். உள்ளே இருந்த தென்னை நார் மெத்தையைப் பழசு என்று தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ஸ்பிரிங்மேல் நேராக மெத்தென்று ஒரு ஃபோமை வைத்து மூடிக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் உட்கார்ந்தபோது சோபா மாதிரி இருந்தது. இரண்டாவது வருஷம் ஸ்பிரிங் ஃபோமைக் கடித்துத் தின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு சுருளுக்கும் மேலே வட்டவட்டமாக ஓட்டை, அடியில் மாவு மாதிரி ஃபோம் தூள். ஸ்பிரிங்குக்கும் மெத்தைக்கும் நடுவில் சாக்கு அல்லது கெட்டியான கேன்வாஸ் இருந்தே ஆகவேண்டும். விலை மலிவான பொருள், அதை விட்டுவிட்டால் மேலே போடுகிற விலையான பொருள் எல்லாம் வீண்.

இந்த முறை முன்சீட்டைப் புனலூரில் ஒரு சேட்டனிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தவர் நார் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது களயண்டா, கழுகி வெயிலத்து வெச்சா மதி" என்றார். தூக்கிப்போட வேண்டாம், கழுவிக் காயவைத்தால் போதும் என்று. ரப்பர்பால் தெளித்து அழுத்திய தென்னை நாருக்கு ஒரு குணம் உண்டு, காற்று உள்ளே போய்வரும், நனைந்தாலும் காய்ந்துவிடும். ஃபோம் அப்படி இல்லை, ஊறினால் நாள்கணக்கில் உள்ளேயே வைத்திருக்கும். பயணி உட்காரும் பக்கம் நார் நன்றாக இருந்ததால் அப்படியே வைத்தார். டிரைவர் பக்கம் நார் நொறுங்கிப்போயிருந்தது, அங்கே மட்டும் ஆலப்புழை நார்ப் பலகையை வெட்டி வைத்து, இரண்டுக்கும் மேலே ஓர் அங்குல ஃபோம் ஓடவிட்டார். பாதி பழசு, பாதி புதுசு. உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியவில்லை, உயரமும் பழைய உயரம், ஸ்டியரிங்கும் கண்ணாடியும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

ஃபோம் வாங்கும்போது டென்சிட்டி என்று ஓர் எண் சொல்வார்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை, அவ்வளவுதான் அர்த்தம். அழுத்தினால் கெட்டியாக இருப்பதும் டென்சிட்டியும் வேறு வேறு. மலிவான ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும், ஆனால் சீக்கிரம் அமுங்கிவிடும். கையால் அழுத்திப் பார்த்து ஏமாற வேண்டாம், தராசில் வையுங்கள். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனம் உள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் 2 கிலோ இருக்க வேண்டும். ஒரு கிலோதான் இருக்கிறது என்றால் அது 20. தினமும் ஓட்டுகிற வண்டியின் டிரைவர் சீட்டுக்கு 40-க்குக் கீழே நான் போகமாட்டேன்.

அடுத்து மேலுறை. கடையில் நான்கைந்து சாம்பிள் புத்தகம் எடுத்துப் போடுவார்கள், எல்லாம் பளபளவென்று இருக்கும். உண்மையில் தேர்வு நான்குதான்: பிவிசி ரெக்சின், பியு (பாலியூரித்தேன்) பூசிய லெதரெட், நிஜத் தோல், துணி. ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்ற ஊரில் செய்த தோல்துணியின் கம்பெனிப் பெயர், பருத்தித் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியது. நம் ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இப்போது அந்தப் பெயரில் விற்பதெல்லாம் பிவிசி பூசிய துணி. பியு லெதரெட் தொட்டால் நிஜத் தோல் மாதிரி மெதுவாக இருக்கும், கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். நம் பக்கத்துக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன். ஈரக்காற்று சாதாரண பியு பூச்சை மெல்ல மெல்ல உடைக்கும், சில வருஷத்தில் மேல்தோல் செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்டும். விலை கூடிய சில வகைகள் தாங்கும், ஆனால் சாம்பிள் புத்தகத்தைப் பார்த்து எது எது என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. தோல் அழகு, மரியாதை, எல்லாம் சரி, சாரல் மாதத்தில் ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் பச்சை பூத்துவிடும். வாரந்தோறும் துடைத்துப் பராமரிக்கிறவர்களுக்கு மட்டும். துணி உட்கார இதம், ஈரம் குடிக்கும்.

நான் போட்டது பிவிசி ரெக்சின், முதலில் இருந்த நிறத்திலேயே. 1976-ல் இருந்ததும் அந்த ஜாதிதான், ஆகவே பார்வைக்கும் பொருத்தம். வேர்க்கும் என்பது உண்மை. அதற்குத்தான் அந்தக் காலத்து கவர்மென்ட் அம்பாசிடர்களில் வெள்ளை டவல் விரித்திருப்பார்கள், நினைவிருக்கும். அதைப் பந்தா என்று நினைத்தவர்கள் உண்டு. வேர்வையைக் குடிக்கப் பருத்தி, வாரம் ஒருமுறை எடுத்துத் துவைக்கலாம், ரெக்சினுக்கும் வெயில் படாது. இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை, எங்கள் வண்டியிலும் அதுதான் விரித்திருக்கிறது.

பழைய மேலுறையைத் தைத்தே ஓட்டலாமா என்று கேட்டால், கிழிசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தையல் ஓரமாகப் பிரிந்திருந்தால் நூல்தான் இற்றுப்போயிருக்கிறது, பொருள் நன்றாக இருக்கலாம். அந்தக் காலத்துப் பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். பாலியஸ்டர் நூல் போட்டு அதே ஓட்டைகளில் தைத்தால் இன்னும் பல வருஷம் ஓடும். கிழிசல் நடுவில் இருந்தால் ஓரத்தை இரண்டு விரலால் மடித்துப் பாருங்கள். வளைந்தால் அடியில் துண்டு வைத்து ஒட்டலாம். அப்பளம் மாதிரி வெடித்தால், ரெக்சினை இளக்கமாக வைத்திருக்கிற எண்ணெய்ப்பதம் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம், அதில் ஊசி போட்டால் தபால்தலை கிழிவதுபோல ஓட்டை ஓட்டையாகக் கிழியும். அப்போது மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போதும் பழையதைக் கத்திரியால் வெட்டி எடுக்க விடாதீர்கள், தையலைப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டுகள்தான் புதியதற்கு அளவு. அவை இல்லாமல் தைத்த சீட்டு உறையில் மூலைகளில் சுருக்கம் விழும், பைப்பிங் நேராக ஓடாது.

புதுக் காரின் பக்கெட் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டால் என்ன என்ற யோசனையும் வரும், எங்களுக்கும் வந்தது. சித்தப்பா தன் பிரீமியர் பத்மினியில் அதைச் செய்தார். உட்கார சுகம்தான், முதுகுவலிக்காரருக்கு அந்த சுகம் பெரிய விஷயம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சீட்டின் தண்டவாளம் பழைய போல்ட் ஓட்டைகளுக்குப் பொருந்தாது, தரைத்தகட்டில் புது ஓட்டை போட வேண்டும், பழைய வண்டியில் அந்தத் தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும். அடியில் கனமான தகடு வைத்து வெல்ட் பண்ணாமல் வெறும் வாஷரோடு முடுக்கினால், பலமாக பிரேக் அடிக்கிற அன்று சீட்டு ஆளோடு முன்னால் வரும். உயரமும் மாறிவிடும், அவருக்குத் தலை லைனிங்கில் இடித்தது. மூன்றாவது ஆள் முன்னால் உட்கார முடியாமல் போனது; ஸ்டியரிங் தண்டில் கியர் இருப்பதன் பயனே நடுவில் ஓர் ஆள் கால்நீட்டி உட்காரலாம் என்பதுதான். மூன்று வருஷம் கழித்துப் பெஞ்சு சீட்டையே திரும்பப் போடலாம் என்று தேடினார், பழையது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தது. நீங்கள் பக்கெட் சீட்டுதான் போடப்போகிறீர்கள் என்றாலும் பழைய பெஞ்சைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவையுங்கள்.

ரூஃப் லைனிங் அடுத்தது. இந்தக் காலத்துக் கார்களில் ஒரு வார்ப்புப் பலகைமேல் துணியை ஒட்டி மேலே மாட்டிவிடுகிறார்கள். பழைய வண்டிகளில் குறுக்கே வளைந்த கம்பிகள், அவற்றில் துணியின் தையல் மடிப்பைக் கோத்து இழுத்து ஓரத்தில் ஒட்டுவது. இங்கே போட்டியில் இருப்பது மூன்று வழி. தொங்குகிற இடத்தில் மட்டும் பசை போட்டு ஒட்டுவது, கம்பியை எடுத்துவிட்டு ஃபோம் வைத்த துணியை நேராகத் தகரத்தில் ஒட்டுவது, பழைய முறையிலேயே புதிதாகத் தைத்துக் கட்டுவது. முதல் வழி ஒரு கோடையைத் தாண்டாது; கூரைத் தகரம் கொதிக்கும்போது பசை இளகி மறுபடி இறங்கும். இரண்டாவது வழி மலிவு, ஒரு நாளில் முடியும், நிறையக் கடைகள் இதைத்தான் செய்து தருகின்றன. ஆனால் துணிக்குப் பின்னால் இருக்கிற அந்த மெல்லிய ஃபோம் வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்து, துணி தனியாகக் கழன்று தலைமேல் வந்து விழும். நிறையப் புதுக் கார்களிலேயே இது நடக்கிறதே, பார்த்திருப்பீர்கள். மூன்றாவது வழிதான் சரி. பிரச்சினை என்னவென்றால் அது தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது. செங்கோட்டை, தென்காசி, புனலூர் மூன்று ஊரிலும் விசாரித்து, வயசான ஒரு குஷன் அண்ணாச்சியைப் பிடித்தேன். துணியைவிடக் கூலி அதிகம் ஆனது. கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுத்தேன், அவர் கையோடு அந்த வேலை போய்விடக் கூடாது என்று என் மகனையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வைத்தேன்.

நீங்கள் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். கம்பிகள் ஒவ்வொன்றும் வேறு நீளம், வேறு வளைவு. கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள், எது முன்பக்கம் என்றும் குறித்துவிடுங்கள். கம்பியில் துரு இருந்தால் அந்தக் கறை புதுத் துணியில் கோடாக இறங்கும், தேய்த்துப் பெயிண்ட் அடித்தபிறகுதான் கோக்க வேண்டும். கூரைத் தகரத்தின் உள்பக்கத்தைப் பார்க்கக் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பமும் இதுதான், துருப் புள்ளி இருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள், உள்விளக்கு ஒயரையும் மாற்றிவிடுங்கள்.

டோர் பேட் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, மாற்றுங்கள். ஹார்ட்போர்டு ஒருமுறை உப்பினால் திரும்பாது, மேலே ரெக்சினைத் திரும்ப ஒட்டினாலும் ஸ்குரூ பிடிக்காது. ஆனால் ஏன் உப்பியது என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள். கண்ணாடி ஏறி இறங்குகிற இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அது கதவின் அடியில் இருக்கிற ஓட்டைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவே செய்யப்பட்டிருக்கிறது. அந்த ஓட்டைகள் மண்ணால் அடைபட்டு, பேட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட்டும் இல்லாவிட்டால், நீங்கள் என்ன பலகை போட்டாலும் ஊறும். ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறந்து, கனமான பாலித்தீன் ஷீட்டை அடிவிளிம்பு கதவுக்குள்ளே போகும்படி ஒட்டி, அதன்மேல் பேட் போடுங்கள். பலகைக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டரில் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் எடுத்து ஓரங்களில் இரண்டு கை வார்னிஷ் அடித்தால் ஹார்ட்போர்டைவிடப் பல மடங்கு உழைக்கும். பழைய பேட்டை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டியதுதான்.

டேஷ்போர்டு, ஸ்டியரிங், மீட்டர், பட்டன்கள், கைப்பிடிகள், இவை எல்லாம் முதல் கேள்விக்கு உரியவை. சரிசெய்யுங்கள். ஸ்டியரிங் வளையத்தில் வெடிப்பு விட்டிருந்தால் உள்ளே இரும்புக் கம்பி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெடிப்பை வி வடிவத்தில் கொஞ்சம் அகலமாக்கி, தூசி எண்ணெய் போகத் துடைத்து, எபாக்சி அடைத்து, இறுகியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயிண்ட் அடிக்கலாம். அகலமாக்காமல் மேலோடு பூசினால் மறு கோடையில் அதே இடத்தில் கோடு விழும். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அப்பா 40 வருஷம் பிடித்துத் தேய்ந்த இடம் விரலுக்கு இன்னும் தெரிகிறது, அதை மட்டும் தேய்க்காமல் விட்டேன்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவுக் கைப்பிடி மாதிரி மஜாக் என்ற துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்தவை கொஞ்சம் சிக்கல். பல் தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. குரோம் புள்ளி விழுந்திருந்தால் மறுமுலாம் போடலாம், ஆனால் மஜாக்கில் முதலில் செம்பு ஏற்றி அப்புறம் நிக்கல், குரோம் என்று போக வேண்டும், தெரியாத கையில் கொடுத்தால் அமிலத்தில் அரித்துவிடும். இந்த இடத்தில்தான் மூன்றாவது வழி, அதாவது இன்னொரு பழைய வண்டியிலிருந்து எடுப்பது, உண்மையில் லாபம். சென்னை புதுப்பேட்டை, கொல்கத்தா மல்லிக் பஜார் போன்ற இடங்களில் அம்பாசிடர் கைப்பிடியும் பட்டனும் இன்னும் கிடைக்கின்றன. போட்டோ அனுப்பி வாங்கும்போது மார்க் 3 என்று சொன்னால் மட்டும் போதாது, உங்கள் பழைய பாகத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். முன்னால் ஒரே மாதிரி இருந்து பின்னால் துளை மாறியவை எனக்கு இரண்டு முறை வந்தன. சீட்டையோ லைனிங்கையோ இப்படிப் பழசு வாங்காதீர்கள், இன்னொருவரின் பூஞ்சையைக் காசு கொடுத்து வாங்குவதாகும்.

ஒரிஜினல் மதிப்பு பற்றி மாமா சொன்னதற்கு வருகிறேன், அதில் விஷயம் இருக்கிறது. மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்தபடி, முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். 20,000 ரூபாய் கட்டணம், 10 வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். வண்டி மூலவடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. சீட்டுத் துணியை மாற்றியதால் அது கெடாது. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரி ஓட்டத்துக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். எங்கள் வண்டிக்கு 2026-ல் 50 ஆகிறது. ஆரியங்காவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிற வண்டியை நான் அதில் போடப்போவதில்லை. கண்காட்சிக்கென்றே வைத்திருப்பவர்கள் என்றால் மாமா சொன்னபடி, கிடைக்காத பொருள் எதையும் கைவிடாமல், கழற்றியவற்றையும் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது.

கடைசியாகத் தரை. மற்ற எல்லாம் முடிந்தபிறகுதான் இதைத் தொட வேண்டும். ரப்பர் மேட்டுக்கு அடியில் பழைய சணல் ஃபெல்ட் இருக்கும், பஞ்சு மாதிரித் தண்ணீர் குடித்துத் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். யோசிக்காமல் சுரண்டி எடுத்துப் போடுங்கள், அதே ஃபெல்ட்டைத் திரும்பப் போடவும் வேண்டாம். தகட்டைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். டணார் என்றால் சரி, மொத்தென்று கேட்டால் டிங்கரைக் கூப்பிடுங்கள். ஃபெல்ட்டுக்குப் பதில் தண்ணீர் குடிக்காத, மூடிய கண்ணறை ஃபோம் ஷீட் போட்டு, மேட்டை ஒட்டாமல் எடுத்து வைக்கும்படி விடுங்கள். இவ்வளவு வேலையையும் மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும், ஈரக்காற்றில் பசையும் பெயிண்டும் சரியாக இறுகாது.

நான் மேட்டுக்கு அடியில் நான்கு பக்கமும் தினத்தாள் விரித்துவிட்டு ஆடி மாதம் முழுக்க வண்டியை வெளியில் நிறுத்தினேன். ஆவணி பிறந்ததும் எடுத்துப் பார்த்தால் மூன்று பேப்பர் மொரமொரவென்று காய்ந்திருந்தன, இடது முன்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மேலே தடவிக்கொண்டே போனால் வைப்பர் தண்டு வெளியே வருகிற இடத்தில் வாஷர் செத்துப்போயிருந்தது. அதற்கு ரப்பர் வாஷர் சொல்லியிருக்கிறேன், வந்து மாட்டி இன்னொரு மழை பார்க்கும்வரை அந்தப் பக்கம் பேப்பர்தான்.